அம்மன் நாக்கு

மரச்சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கெட்டியாக ஒலிக்கும். முத்துக்குமார் காலையிலிருந்து மகாகனி மரங்களைத் தட்டிக்கொண்டே வந்தான். தட்டுவான், அடிமரத்தைச் சுற்றி வருவான், கம்பியால் வேரடியைக் குத்திப் பார்ப்பான், போனில் குறித்துக்கொள்வான். நாற்பது சொச்சம் மரங்கள். எல்லாம் கெட்டி. தோப்பின் கோடியில், லைன் வீடுகளை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரத்துக்கு வந்து தட்டியபோது காலிப் பீப்பாயின் சத்தம் கேட்டது. நம்பாமல் நாலு பக்கமும் தட்டினான். நாலு பக்கமும் பீப்பாய்தான்.

"என்னடா முத்து, அம்மனைத் தட்டி எழுப்பறியா?"

சௌந்தரம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் வாசலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு கட்டில் போடும் இடம்தான் இருந்தது.

"அம்மனை இல்ல அத்தை. மரத்தை."

"ரெண்டும் ஒண்ணுதான். செருப்போட மேடையில நிக்கிற பாரு. எறங்கு."

இறங்கினான். மரத்தைச் சுற்றிச் சிமென்ட் மேடை, மேடையில் சூலம். சூலத்துக்குப் பின்னால், அடிமரத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் அது நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கடுக்காய். பெரியது ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அரக்குச் சிவப்பு, மேலே வார்னிஷ் அடித்தது போன்ற பளபளப்பு, வெளிறிய விளிம்பு. அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வெள்ளிக் கண் இரண்டு ஒட்டியிருந்தார்கள்.

போன மழைக்கு வந்தது. லைனில் இருந்த தமிழர்கள் மாரியம்மன் என்றார்கள். பக்கத்துச் சந்து வங்காளிப் பெண்கள் காளியின் நாக்கு என்றார்கள். பேர் எதுவானால் என்ன, செவ்வாய், சனியில் கூட்டம் வந்தது. மேடையில் காப்பிப்பொடி போலப் பழுப்புத் தூள் படிந்துகொண்டே இருக்கும். சௌந்தரம் அதைக் கூட்டி எடுத்துக் காகிதத்தில் மடித்து அம்மன் பொடி என்று கொடுப்பாள். சாம்பல் கூடை சுமந்து ஒரு தோள் இறங்கிப்போனவள். கொதிகலன் பட்டறையில் தகடு சரிந்து அவள் புருஷன் செத்தபோது பட்டறைக்காரர்கள் அவளுக்குக் கொடுத்தது அந்தச் சாம்பல் கூடை வேலையைத்தான். பட்டறை மூடிய பிறகு அதுவும் இல்லை. இந்த நாக்கு வந்த பிறகுதான் ரெண்டு வேளையும் அடுப்பு எரிகிறது.

முத்துக்குமார் குனிந்து பார்த்தான். காளான். மரத்தைத் தின்கிற காளான். வெளியே தெரிவது அதன் காய் மாதிரி. மரம் உள்ளே ஏற்கெனவே தின்னப்பட்டுவிட்டது.

"அத்தை, இந்த மரம் செத்துப்போச்சு."

"உன் வாயில மண்ணு. மேல பாரு, எலை எப்படி இருக்குன்னு."

மேலே இலை நன்றாகத்தான் இருந்தது.

கல்கத்தாவின் கார்டன் ரீச்சில் ஆற்றங்கரை ஓரமாக அந்தத் தோப்பு இருந்தது. வார்ப்பு அச்சு செய்ய மரம் வேண்டும் என்று கொதிகலன் பட்டறைக்காரர்கள் ஒரு காலத்தில் வைத்தது. பட்டறை மூடியதும் இயந்திரமெல்லாம் பழைய இரும்புக்குப் போயிற்று. தோப்பும், அதற்குப் பின்னால் முதுகோடு முதுகாக ஒட்டிய லைன் வீடுகளும்தான் மிச்சம். எஸ்டேட் என்று லைனில் சொல்லும் நிலத்துக்காரன் அந்த இடத்தில் அடுக்குமாடி கட்ட நினைத்தான். தோப்பு நிற்கிறவரை அனுமதி கிடைக்காது. தோப்பு போனால் மறுமாதம் லைனும் போகும். இதை லைனில் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆம்பான் புயலில் சுற்றுவட்டாரத்தில் தகரக் கூரையெல்லாம் பறந்தபோது, ஆற்றுக் காற்றை அந்த மரங்கள் வாங்கிக்கொண்டதையும் அவர்கள் உள்ளேயிருந்து கேட்டிருந்தார்கள்.

முத்துக்குமார் அந்த லைனில் பிறந்தவன். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, முதுகு பிடித்துக்கொண்ட பிறகு இந்த வேலைக்கு வந்தான். ஊரில் மிச்சமிருக்கிற மரக்கூட்டங்களுக்கு நோய் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு சங்கம். மழை முடிந்ததும் ஒரு சுற்று, கோடைக்கு முன் ஒரு சுற்று. வேலை கொடுத்தது சுப்ரியா. பவானிபூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் பேங்க் ஆபீசர் குடும்பத்துப் பெண். மர நோய் படித்தவள். தமிழை வீட்டில் மட்டும் பேசி வளர்ந்தவள்.

போனில் படம் அனுப்பினான். மறுநாளே வந்துவிட்டாள். மரத்துக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி உள்ளே கெட்டியா பொக்கையா என்று கோடு போட்டுக் காட்டும் கருவியைத் தூங்குமூஞ்சியில் வைத்தாள். கோடு கொஞ்ச தூரம் மேலே போய், பொத்தென்று விழுந்து, அப்படியே தரையில் ஓடியது. பக்கத்து மகாகனிகளிலும் வைத்தாள். அவற்றில் கோடு இறங்கவில்லை.

"இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ரொம்ப நன்னா இருக்கு," என்றாள். "ஆனா நோய் வேர் வழியா மத்ததுக்கும் போயிடும், முத்துக்குமார். கீழே ஒண்ணோட ஒண்ணு தொட்டுண்டிருக்கும். இதை வெட்டி எடுத்துட்டு, சுத்தி ஆழமா ஒரு பள்ளம் தோண்டணும். அப்போ தோப்பு பிழைக்கும்."

"எழுதிடுங்க மேடம்."

"எழுதினா எஸ்டேட்காரா வந்து வெட்டுவா. ஜனங்க தடுத்தா போலீஸ் வரும். அப்புறம் தோப்புல நோய் இருக்குன்னு ஊரெல்லாம் பேச்சு ஆகும். முதல்ல உங்க மனுஷாகிட்டப் பேசுங்கோ. அவாளே சம்மதிச்சு வெட்டட்டும். விஷயம் இந்த ஒரு மரத்தோட முடியணும்." கிளம்பும்போது திரும்பினாள். "அந்தக் காளானை யாரும் தொட வேண்டாம். உடைச்சா நோய் போயிடும்னு நினைப்பா. போகாது. அது உள்ளே இருக்கு."

"சரி மேடம்."

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்க் குழாயடியில் எல்லாரையும் கூப்பிட்டான். முத்துக்குமாரின் அப்பா பரமசிவம் குழாய்க்கட்டையில் உட்கார்ந்தார். பட்டறையில் ரிவெட் அடித்தவர். ஒரு காது கேட்காது, கேட்கிற காதையும் யாருக்கும் சுலபமாகக் கொடுக்கமாட்டார். லைனில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு குறைவு.

முத்துக்குமார் சொன்னான். வேர் சொன்னான், பள்ளம் சொன்னான். ஒரு மரத்தைக் கொடுத்தால் நாற்பது மரம் நிற்கும் என்றான்.

"அம்மன் வந்த மரத்தை வெட்டிட்டு, அம்மன் வராத மரத்தையெல்லாம் காப்பாத்தப் போறானாம்," என்றாள் சௌந்தரம். சிரித்தார்கள்.

"அது அம்மன் இல்ல அத்தை. காளான்."

"காளானை நான் பார்த்ததில்லையா? கொழம்பு வெச்சுத் தின்னிருக்கேன். இது கல்லு மாதிரி இருக்குடா."

"மரத்துல வர்ற காளான் அப்படித்தான் இருக்கும்."

"ஏன், பவானிபூர் அம்மா சொன்னாங்களா?" இது பட்டு. சௌந்தரத்தின் பக்கத்து வீடு. இட்லிக் கடைக்காரி. "அந்தம்மா வீட்டுல ஏசி இருக்கு. காத்தடிச்சா அவங்களுக்கு என்ன? கதவைச் சாத்திக்குவாங்க."

"காத்தடிச்சா மொதல்ல உங்க வீட்டு மேலதான் விழும் பட்டக்கா. அதுக்குத்தான் சொல்றேன்."

"ஆம்பான்ல விழாதது இப்ப விழுதாக்கும்," என்றார் பரமசிவம். "எஸ்டேட்டுல உனக்கு ஏதாவது பேசிட்டாங்களா? நேராக் கேக்கறேன், நேராச் சொல்லு."

பெற்ற அப்பன் பலபேர் முன்னால் கேட்டது அவன் காதில் சூடாக விழுந்தது.

"என்ன கேள்விப்பா இது?"

"ஊரே கேக்கறதை நான் கேக்கறேன். மொதல்ல ஒரு மரம்பான், அப்புறம் பக்கத்து மரம்பான். அவனுங்க வழக்கம் அதுதான். உன்னை விட்டு வேலையை ஆரம்பிச்சிருக்கானுங்க."

முத்துக்குமார் எழுந்தான். யாரும் தடுக்க நினைக்கவில்லை. அவன் வீட்டுக்குப் போகிறான் என்றே நினைத்தார்கள். அவன் மேடைமேல் ஏறி, இடுப்பில் செருகியிருந்த மரச்சுத்தியை எடுத்து, வெள்ளிக் கண்களுக்கு நடுவில் அடித்தான். முதல் அடியில் விரிசல். இரண்டாவது அடியில் பெரிய நாக்கு முழுசாகப் பிய்ந்து சூலத்தின்மேல் விழுந்து சிதறியது. அடுக்கு அடுக்காக இருந்த மற்றதையும் அடித்தான். பழுப்புத் தூள் எழும்பி அவன் முகத்திலும் மயிரிலும் அப்பியது.

"பாருங்க. தக்கை. இது சாமியா? தக்கை!"

உடைந்த துண்டைத் தூக்கிக் காட்டினான். உள்ளே தக்கைதான். பழுப்பு நிறத் தக்கை. ஆனால் யாரும் துண்டைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்கள்.

சௌந்தரம் மேடைக்கு வந்தாள். முந்தானையை விரித்துக்கொண்டு முட்டி போட்டு, ஒவ்வொரு துண்டாக எடுத்துப் போட்டாள். சூலத்தின் அடியில் மாட்டிக்கொண்டிருந்த சின்னத் துண்டுகளையும் விரல் விட்டு எடுத்தாள். பட்டு வந்து சேர்ந்துகொண்டாள். பிறகு இன்னும் நாலைந்து பெண்கள். எல்லாம் முடிந்து எழுந்தபோதுதான் சௌந்தரம் பேசினாள்.

"உங்கம்மா செத்தப்ப உன்னை இடுப்புல தூக்கி வெச்சுக்கிட்டுச் சுத்தினேன் பாரு. அந்த இடுப்பு இன்னும் வலிக்குது."

அன்றைக்குச் சாயங்காலம் முத்துக்குமார் சுப்ரியாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னான். "தொட வேண்டாம்னுதானே சொன்னேன்," என்றாள். பிறகு, சூடு ஆறட்டும், ஹவுரா பக்கத்தில் ரயில் பாதை ஓர மரங்களைப் பார்க்க ஆள் இல்லை, ஒரு வாரம் அங்கே போங்கள் என்றாள்.

போனான். காலையில் படகில் ஆற்றைக் கடந்து, இருட்டியபின் திரும்பினான். வீட்டில் பரமசிவம் அவனுக்குச் சோறு வைத்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். குழாயடியில் அவன் குடத்துக்கு முறை விடவில்லை. தோப்புப் பக்கம் அவன் போகவில்லை. போக முகமும் இல்லை.

அந்த வாரத்தில் லைனில் ஒரு பேச்சு ஓடியது. அம்மன் உடம்பை என்ன செய்வது? உடைந்த சாமியைக் குப்பையில் போட முடியாது. ஆற்றில் விடலாம் என்றார்கள் சிலர். தானாக மரத்தில் வந்தவளைத் தண்ணீரில் தள்ளுவதா என்றாள் சௌந்தரம். கண்ணாடி உடைந்த சாமி படமோ, மூக்கு உடைந்த பொம்மையோ எதுவானாலும் மரத்தடியில் கொண்டுபோய் வைப்பதுதான் எல்லாரும் செய்வது. கல்கத்தாவில் எந்த ஆலமரத்தடியில் பார்த்தாலும் கிடக்கும். எனவே மரத்தடி என்று முடிவாயிற்று. எந்த மரம் என்பதில் சண்டை வந்தது. பரமசிவம் தீர்த்து வைத்தார். வீட்டுக்கு ஒரு துண்டு, துண்டுக்கு ஒரு மரம். அவரவர் மரத்தை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியது. சாமி இருக்கிற மரத்தில் எவனும் கோடாலி வைக்கமாட்டான், எஸ்டேட்காரனும் கை வைக்க யோசிப்பான். எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது.

சனிக்கிழமை காலையில் மகாகனி மரங்களுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். துண்டு நிற்க வேண்டுமே என்று பட்டையைக் கத்தியால் கொஞ்சம் செதுக்கி, துண்டை அதில் பதித்து, பட்டறைக் காலத்து ஆணிகளை அடித்தார்கள். பரமசிவம் மரம் மரமாகப் போய் அடித்துக் கொடுத்தார். ரிவெட் அடித்த கை. ஒரு ஆணியும் வளையவில்லை. இடுக்கில் மஞ்சளும் களிமண்ணும் குழைத்து அப்பினார்கள். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் மரத்திலேயே முளைத்தது போல இருந்தது.

திங்கட்கிழமை எஸ்டேட் ஆபீசிலிருந்து மித்ரா வந்தார். கூட மரம் வெட்ட அனுமதி கொடுக்கும் ஆபீசின் இன்ஸ்பெக்டர் ஒருவர். சுத்தியால் உடைத்த கதை சந்து தாண்டி எஸ்டேட் வரை போயிருந்தது. தோப்பில் நோய் இருக்கிறதாமே, பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார்கள். முதல் மகாகனியின் அடியில் மித்ரா நின்றார். இரண்டாவதற்குப் போனார். மூன்றாவதற்குப் போனவர் இன்ஸ்பெக்டரைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

சௌந்தரம் ஓடிவந்தாள். கோடாலிக்கு அளவெடுக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"மாஷி, இது எல்லா மரத்திலும் இருக்கிறதா?" என்று மித்ரா வங்காளியில் கேட்டார். மாஷி, சித்தி என்று அத்தனை மரியாதையாக அவளிடம் எஸ்டேட்காரர்கள் பேசியதில்லை.

"எல்லா மரத்திலும் இருக்கு பாபு. ஒண்ணு விடாம."

"யாராவது கொண்டுவந்து வைத்ததா?"

"சாமியை யார் பாபு வைக்க முடியும்? தானா வந்தா. மொதல்ல அங்க வந்தா, அப்புறம் இங்க ஒவ்வொண்ணா வந்தா."

இன்ஸ்பெக்டர் போனை நீட்டிப் பிடித்திருந்தார். பட்டுவும் சொன்னாள். பக்கத்தில் இருந்த நாலு பேரும் சொன்னார்கள். தானா வந்தா. தானா முளைச்சா. மித்ரா கை கூப்பி, ஒரு பத்து ரூபாயை மேடையில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு மத்தியானம் சௌந்தரம் எல்லாருக்கும் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். எஸ்டேட்காரனே கும்பிட்டுவிட்டுப் போனான் என்று லைன் முழுக்கப் பேச்சு.

அன்று இருட்டி வீடு திரும்பிய முத்துக்குமாருக்கும் ஒரு கிண்ணம் இருந்தது. அப்பா ஒரு வாரத்துக்குப் பிறகு பேசினார்.

"சாப்பிடு. நீ உடைச்சதும் நல்லதுக்குத்தான்னு வெச்சுக்க."

"என்ன நல்லது?"

சொன்னார். முத்துக்குமார் கிண்ணத்தைக் கீழே வைத்தான். போன் வெளிச்சத்தில் தோப்புக்குள் போனான். ஒவ்வொரு அடிமரத்திலும் ஒரு துண்டு அரக்குச் சிவப்பில் பளபளத்தது. ஒன்றின்மேல் கை வைத்து இழுத்தான். ஆணி இறுக்கமாக இருந்தது.

"இன்னொரு தடவை கை வெச்சே, அப்பன் இல்லைன்னு நெனச்சுக்க," என்றார் பின்னால் வந்த பரமசிவம்.

"உங்களுக்குப் புரியலப்பா. மரம் பார்க்கறவன் அடிமரத்துல இது இருக்கான்னுதான் மொதல்ல பார்ப்பான். இருந்தா வெட்டு. அவ்வளவுதான். நானும் அதுதான் எழுதுவேன். இப்ப எல்லா மரத்துலயும் நீங்களே வெச்சிருக்கீங்க. அதுக்கு மேல வாயால வேற தானா மொளைச்சதுன்னு சொல்லியிருக்கீங்க."

பரமசிவம் கேட்கும் காதைத் திருப்பினார். "மறுபடி சொல்லு."

மறுபடி சொன்னான். இருட்டில் அவர் முகம் தெரியவில்லை. "ஆணி நான்தான் அடிச்சேன்," என்றார்.

எஸ்டேட் மனு கொடுத்துவிட்டது என்று சுப்ரியா இரண்டு நாளில் சொன்னாள். தோப்பு முழுக்க நோய், குடியிருப்புக்கு ஆபத்து, வெட்ட அனுமதி வேண்டும். படங்கள் இருந்தன, போனில் பதிவுசெய்த லைன்காரர்கள் பேச்சும் இருந்தது. ஊசிக் கருவி போட்ட கோடுகளை எடுத்துக்கொண்டு சுப்ரியா இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனாள். முத்துக்குமார் சௌந்தரத்திடம் போனான்.

"நீ வந்து, நாங்கதான் வெச்சோம்னு சொல்லணும் அத்தை."

"அம்மனைப் பொய்னு சொல்லச் சொல்றியா?"

"அம்மனை இல்ல. ஆணியை."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தாள். "சொன்னா அப்புறம் எவ வருவா இங்க? ஆணி அடிச்ச சாமிக்கு எவ வெளக்கு ஏத்துவா? உனக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது."

"சொல்லலைன்னா இந்த வீடே இருக்காது அத்தை."

முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். நல்ல புடவையைக் கட்டிக்கொண்டாள். பரமசிவமும் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மூவரும் பஸ் ஏறிப் போனார்கள். ஆபீசில் காத்திருந்து, முன்பே வந்திருந்த சுப்ரியாவோடு உள்ளே போனதும் சௌந்தரம் நின்றபடியே சொன்னாள். "நாங்கதான் பாபு ஆணி அடிச்சோம். தானா வந்தது ஒண்ணே ஒண்ணுதான். அதை இவன் உடைச்சான். உடைஞ்சதைத்தான் பிரிச்சு வெச்சோம்."

இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. அவளை உட்காரச் சொன்னார். பிறகு போனை எடுத்து அவள் குரலையே அவளுக்குப் போட்டுக் காட்டினார். ஒவ்வொண்ணா வந்தா.

"அன்றைக்குச் சொன்னது பொய்யா, இன்றைக்குச் சொல்வது பொய்யா, மாஷி?"

அவள் முத்துக்குமாரைப் பார்த்தாள்.

"நான் அடிச்ச ஆணி சார்," என்றார் பரமசிவம் உடைந்த ஹிந்தியில். "வேணும்னா பிடுங்கிக் காட்டறேன்."

இன்ஸ்பெக்டர் சுப்ரியா பக்கம் திரும்பினார். "நீங்கள் படித்தவர். ஒன்றே ஒன்று எழுதிக் கொடுங்கள். நோய் பிடித்த துண்டைப் பட்டையைச் செதுக்கிப் பதித்து, ஆணி அடித்து, தண்ணீரும் ஊற்றியிருக்கிறார்கள். அந்தக் காயத்தின் வழியாக ஒரு மரத்துக்கும் நோய் போயிருக்காது என்று உங்களால் எழுத முடியுமா?"

சுப்ரியா மேஜையைப் பார்த்தாள். "இன்னிக்கு இந்த மரங்க ஆரோக்கியமா இருக்குன்னு எழுத முடியும்."

"அதைக் கேட்கவில்லை."

"ரெண்டு வருஷம் கண்காணிக்கணும். அப்பதான் சொல்ல முடியும்."

"ரெண்டு வருஷத்துக்குள் ஒன்று விழுந்து யாராவது செத்தால் பதில் சொல்ல நீங்கள் வருவீர்களா, நான் வரவேண்டுமா?"

அவளால் பொய் எழுத முடியவில்லை. எழுதியிருந்தாலும் நின்றிருக்குமா என்பது வேறு. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது அவள் முத்துக்குமாரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பஸ் வந்துவிட்டது. அவன் மற்ற இருவரையும் ஏற்றிவிட்டுத் தொற்றிக்கொண்டான்.

குளிர் தொடங்கியதும் வெட்டு தொடங்கியது. லைன் ஆட்கள் முதல் நாள் குறுக்கே நின்றார்கள். போலீஸ் வந்தது. இரண்டாம் நாள் பாதிப் பேர் நின்றார்கள். மூன்றாம் நாள் எல்லாருக்கும் வேலைக்குப் போக வேண்டியிருந்தது. மோட்டார் ரம்பம் காலையிலிருந்து அழுதது. ஒவ்வொரு மரமும் விழும்போது லைன் வீடுகளில் பாத்திரம் அதிர்ந்தது. வௌவால்கள் இரண்டு நாள் பகலில் சுற்றின. பிறகு காணோம்.

முத்துக்குமார் வெட்டிய அடிக்கட்டைகளைப் போய்ப் பார்த்தான். சங்கம் பார்க்கச் சொல்லியிருந்தது. வெட்டுமுகம் ஒவ்வொன்றும் ஈரச் சிவப்பாக, ஒரு ஓட்டை இல்லாமல், ஒரு கறுப்புக் கோடு இல்லாமல் இருந்தது. ஆணி போன ஆழம் வரை கூட எதுவும் போகவில்லை. படம் எடுத்து அனுப்பினான். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது. லாரிகள் நிம்தலா மரவாடிகளுக்குப் போயின. ஏற்றிய கூலிகளில் ஒருவன் கட்டையை உள்ளங்கையால் தட்டி, இந்த மாதிரி மரம் பார்த்து நாளாயிற்று என்றான். முத்துக்குமார் அவனுக்கு ஒரு பீடி கொடுத்தான்.

தூங்குமூஞ்சியை மட்டும் வெட்டவில்லை. காண்ட்ராக்டருக்குக் கூலி பணமாக இல்லை, மரமாகத்தான். பொக்கை மரத்தை எவன் வாங்குவான்? விறகுக்குக்கூடத் தேறாது. ஏறச் சொன்ன ஆளும் மேடையையும் சூலத்தையும் பார்த்துவிட்டு, அம்மா இருக்கும் மரத்தில் ரம்பம் வைக்கமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டான். அனுமதியில் அதுவும் இருக்கிறதே என்று முத்துக்குமார் எஸ்டேட் ஆபீசுக்கு மூன்று தடவை நடந்தான். லைனைக் காலி செய்யும்போது சேர்த்து எடுத்துவிடலாம் என்றார் மித்ரா. காலி செய்யும் நோட்டீஸ் வாசலில் ஒட்டியாகிவிட்டது. கோர்ட்டில் ஒரு வக்கீல் தேதி வாங்கியிருந்தார்.

அடிமரத்தில் உடைத்த இடத்தில் புதிதாக வெள்ளை மொட்டுகள் வந்திருந்தன. சௌந்தரம் மஞ்சள் பூசவில்லை. கூட்டமும் இல்லை. அவள் இப்போது பட்டுவின் கடைக்கு மாவு அரைத்தாள்.

சைத்ர மாதம், நமக்குப் பங்குனி; சாயங்காலப் புயல்கள் வரும் காலம். மத்தியானத்துக்குப் பிறகு ஆற்றுக்கு அக்கரையில் வானம் கறுத்தது. முன்பெல்லாம் மேகம் தோப்புக்கு மேலே வந்த பிறகுதான் லைனில் தெரியும். இப்போது ஆறு முழுசாகத் தெரிந்தது. அக்கரைப் புகைபோக்கி தெரிந்தது. நடுவில் அடிக்கட்டைகளைத் தவிர ஒன்றுமில்லை. முதல் காற்று வந்து தூங்குமூஞ்சியின் தலையைப் பிடித்து உலுக்கியது. இலை எப்போதும்போலப் பச்சையாகத்தான் இருந்தது.

முத்துக்குமார் ஓடிவந்தான். மரத்தடியில் மண் மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழ்ந்தது. மூச்சு விடுவது போல. சிமென்ட் மேடையில் புதுசாக ஒரு விரிசல்.

"அத்தை, வெளிய வா. எங்க வீட்டுக்கு வா."

"உங்க வீடு என்ன, பவானிபூர்லயா இருக்கு? நாலு கதவு தள்ளி." சௌந்தரம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "இதோட கிளை எத்தனை நீளம்னு நீதான் அளந்தியே."

அளந்திருந்தான். நாலு கதவையும் தாண்டும்.

"அப்ப ரோட்டுக்காவது வா."

"தெனமும் காத்தடிக்கும். தெனமும் ரோட்டுல போய் நிக்கவா? மாவு அரைக்கறது யாரு?" கண்ணில் போன புகையைத் துடைத்துக்கொண்டாள். "நீ மரம் பார்க்கறவன்தானே. சொல்லு. எந்தப் பக்கம் விழும்?"

அவன் ஆற்றைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான். பொய் சொல்ல நினைத்தான்.

"இந்தப் பக்கம்தான்."

"கட்டிலை எந்தச் சுவரோரம் போடட்டும்?"

வீடு பத்தடிக்குப் பத்தடி. ஒற்றைச் செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை.

"எங்க போட்டாலும் ஒண்ணுதான் அத்தை."

"அப்ப கெடக்கற எடத்துலயே கெடக்கட்டும்," என்றாள். அரிசியைக் களைந்து உலையில் போட்டுவிட்டு, பறந்துபோகாமல் இருக்க வாசலில் காய்ந்த துணியை எடுக்க எழுந்தாள். அவன் கொடியின் மறுமுனையிலிருந்து எடுக்க ஆரம்பித்தான்.